கோறணமேந்து விண்ணப்பம் முதல் லாச்சப்பல் சீவீ வரை

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்" என்பது எங்கடை ஊர்ச் சொல். இதைக் கேளாமல் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் எவரும் இருக்க முடியாது. கோறணமேந்து என்றால் அரசாங்கம். அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் மாதச் சம்பளம், பென்சன், கலியாணப் பேச்சில் ஒரு மதிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். அந்த உத்தியோகத்துக்கு வாசலாக இருந்தது ஒரு தாள். அதுதான் விண்ணப்பம். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் எம்மவர் புதியவர்கள் அல்லர். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்தே எழுதி வந்தவர்கள். அப்படியிருந்தும் பரிசுக்கு வந்து இறங்கியபின் அந்தப் பழக்கம் ஏன் கைகொடுக்கவில்லை? இப்போது எங்கள் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதும் உண்டா? இந்தச் சித்திரை மலரில் அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதையடுத்து வந்த ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு ஊரில் இருந்த கிளாக்கர் வேலைகள் காணவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வே, நில அளவை, திறைசேரி என்று எங்கும் யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். "மலாயன் பென்சனியர்" கட்டிய கல்வீடுகளை எங்களில் பலர் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். அந்த வீடுகளுக்கு எல்லாம் அத்திவாரம் ஒரு நல்ல கையெழுத்தும் ஒரு விண்ணப்பக் கடிதமும்தான் என்று சொன்னால் அது பெரிய பொய்யாகாது.

அந்தக் கடிதத்துக்கு ஒரு முறை இருந்தது. சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். "ஐயா" என்று பணிவாகத் தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடிக்க வேண்டும். நடுவில் வயது, பாஸ் பண்ணிய சோதினைகள். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம்: பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்று, விதானையாரின், பின்னாளில் கிராம சேவகரின் சான்று, சமாதான நீதவான் கையொப்பமிட்ட பிரதிகள். இவற்றோடு உறவினரல்லாத இருவரின் பெயரும் விலாசமும். கவனித்துப் பார்த்தால், இதில் விண்ணப்பகாரர் தன்னைப் பற்றித் தானே பேசுவது மிகக் குறைவு. "பெடியன் நல்லவன், ஒழுக்கமானவன், கெட்டிக்காரன்" என்று ஊரில் மதிப்புள்ளவர்கள் சொல்வார்கள். இவர் கீழே கையெழுத்து வைப்பார். தன்னைத் தானே புகழ்வது எங்கள் வழக்கத்தில் அழகல்ல. ஆகவே ஒரு விண்ணப்பம் மற்றவற்றை விட எடுபட்டது என்றால், எழுதியவரின் திறமையை விட, யாருடைய நற்சான்று பின்னால் குத்தியிருந்தது என்பதே காரணமாக இருக்கும்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் இந்த வாசல் ஒடுங்கத் தொடங்கியது. 1970களில் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலையும் ஒடுக்கியது. வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்த்து விண்ணப்பம் போட்டுப் போட்டு, பதிலே வராமல் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை உருவானது. 1983 யூலைக்குப் பிறகு நாட்டை விட்டு ஓடியவர்களில் கணிசமானோர் இந்தத் தலைமுறை. தாளில் எழுதிக் கேட்டு எதுவும் கிடைக்காது என்ற முடிவோடுதான் அவர்கள் விமானம் ஏறினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பரிசில் அவர்களுக்குத் தாள் தேவைப்படவும் இல்லை. அந்த நாட்களில் ஒப்ராவில் அகதி மனுப் போட்டவருக்கு, முடிவு வரும்வரை வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது. பிரெஞ்சு தெரியாது. ஒரு அறையில் ஏழு பேர், எட்டுப் பேர். காட் நோர் ஸ்ரேசனுக்குப் பின்னால், லாச்சப்பலில், போபூர் சந்தெனி வீதியிலும் றூ காய், றூ பேர்டொனே பக்கங்களிலும் எம்மவர் கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1985இல் மாணிக்கப் பிள்ளையார் கோயில் வந்தது. மரக்கறி வாங்கப் போன இடத்திலும் கும்பிடப் போன இடத்திலும்தான் வேலைச் செய்தி கைமாறியது.

"அண்ணை, உங்கடை றெஸ்ரோரன்டிலை ஆள் கேக்கினமோ?"

"பத்திரோனைக் கேட்டுச் சொல்லுறன். நாளைக்கு 9 மணிக்கு வா. தோய்ச்ச சேட்டாப் போட்டுக்கொண்டு வா."

இதுதான் விண்ணப்பம், இதுதான் நேர்முகப் பரீட்சை. பத்திரோன் புதியவரிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டாலும் இவருக்கு விளங்காது. கூட்டிக்கொண்டு வந்தவர் மூன்று வருடமாக ஒரு நாளும் பிந்தாமல் வருகிறார், அவர் ஒருவரைக் கொண்டு வந்திருக்கிறார், அது போதும். புதியவர் பிந்தி வந்தால் ஏச்சு விழுவது கூட்டிக்கொண்டு வந்தவருக்கு. எனவே யாரையும் கண்டபடி கூட்டிக்கொண்டு போகவும் மாட்டார்கள். அதிபரும் சமாதான நீதவானும் செய்த வேலையை இங்கே கோப்பை கழுவிய ஒரு அண்ணை செய்தார். தாள் இல்லை, வாய்ச்சொல். நற்சான்று அதே நற்சான்றுதான்.

எங்களுக்கு மட்டும் நடந்த புதுமையும் அல்ல இது. ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1920களின் கடைசியில் இதே பரிசில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அதை 1933இல் புத்தகமாகவும் வெளியிட்டார். அவருக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர், புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த ஒரு ரஷ்ய அகதி. அந்தக் காலத்துப் பரிசில் ரஷ்ய அகதிகளே பெருவாரியாக டாக்சி ஓட்டினார்கள், றெஸ்ரோரன்டில் பரிமாறினார்கள். ஒருவர் நுழைந்த கதவால் இன்னொருவரை இழுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. கோப்பை கழுவுகிறவர் கோப்பை கழுவும் வேலைக்குத்தான் ஆள் சொல்ல முடியும். சொன்னவர் நிற்கும் இடத்துக்கு அப்பால் அந்தச் சொல் போகாது. ஊரில் கணக்குப் படிப்பித்தவர், வங்கியில் இருந்தவர், பல்கலைக்கழகக் கடைசி வருடத்தை விட்டுவிட்டு வந்தவர் எல்லோரும் அந்த ஒரே கதவால் குசினிக்குள் போனார்கள். பலர் பிறகு அதைவிட்டு வெளியே வரவில்லை. உழைப்பில் இழிவு ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனை வீடு அந்தக் காசில் எழும்பியது, எத்தனை தங்கச்சிமார் கரையேறினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விரும்பி நிற்பது வேறு, வேறு கதவு தெரியாமல் நிற்பது வேறு.

1991 செப்ரெம்பர் 26ஆம் திகதி வந்த சுற்றுநிருபம் நிலைமையை மோசமாக்கியது. அதற்குப் பிறகு அகதி மனுப் போட்டுக் காத்திருப்பவருக்கு வேலை அனுமதி தானாகக் கிடைக்காது. ஒப்ரா, பிறகு கொமிசியோன் என்று காத்திருப்போ வருடக்கணக்கு. வருடக்கணக்காக எவரும் சாப்பிடாமல் இருக்க முடியுமா? சிலர் கறுப்பில் வேலை செய்தார்கள். சிலர் இன்னொருவருடைய காட்டில் வேலை செய்தார்கள். உழைப்பு ஒருவருடையது, சம்பளத்துண்டு மற்றவருடைய பெயரில். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இன்று விண்ணப்பம் எழுத உட்காரும் பல பெரியவர்களின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. காட் கிடைத்தபின் சீவீ எழுதப் போனால் நாலைந்து வருடம் வெறுமையாக நிற்கிறது. அந்த வருடங்களில்தான் ஆள் கூடுதலாக உழைத்திருப்பார். சட்டம் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு வருடம் காத்திருந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்று இருந்ததை 2015ஆம் ஆண்டுச் சட்டம் 9 மாதமாகவும், 2018ஆம் ஆண்டுச் சட்டம் 6 மாதமாகவும் குறைத்தது. 1990களில் தொலைந்த வருடங்களை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

காட் கிடைத்தவர்கள் குசினியை விட்டு வேறு வேலை தேடத் தொடங்கியபோதுதான் பிரெஞ்சு விண்ணப்பம் என்றால் என்ன என்பது தெரிந்தது. 1967இல் தொடங்கிய அரசாங்க வேலை நிலையத்தை, ஆ.என்.பே.இ. என்று அப்போது சொல்லுவோம். 2008இல் அது போல் எம்புளுவாவாக மாறியது, 2024 ஜனவரியிலிருந்து பிரான்ஸ் திறவாய். அங்கே இரண்டு தாள் கேட்டார்கள். ஒன்று சீவீ, பிரெஞ்சுக்காரர் வாயில் செவே. மற்றது ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள் என்று விளக்கும் கடிதம். கடிதம் கையால் எழுதப்பட வேண்டும். சொந்தக் கையெழுத்து என்றதும் எங்கடை ஆக்கள் சந்தோசப்பட்டார்கள், ஊரில் பழகியதுதானே என்று. ஆனால் இங்கே காரணம் வேறு. கையெழுத்தைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்லும் "கிராபொலொஜி" என்ற கலைக்குப் பெயர் வைத்தவரே மிஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1870களில். நூறு வருடம் கழித்தும் கொம்பனிகள் கடிதங்களை அந்த நிபுணர்களுக்கு அனுப்பி "ஆள் எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் கைரேகை பார்ப்பதைக் கண்டு சிரிப்பவர்கள் இதைப் பார்த்து என்ன சொல்லுவார்களோ தெரியாது. வேறு எழுத்தில் அரிச்சுவடி படித்த கைக்கு இங்கே என்ன குணம் சொல்லியிருப்பார்களோ! 1992 டிசம்பர் 31ஆம் திகதிச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. எந்த முறையில் சோதிக்கிறோம் என்பதை விண்ணப்பகாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேட்கும் விபரம் வேலையோடு நேரே சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஆனது.

கையெழுத்தில் இன்னொரு சின்னக் கண்டமும் இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1ஐ மேலே நீண்ட கொக்கியோடு எழுதுவார்கள், 7க்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள். நாங்கள் எழுதும் 7 அவர்கள் கண்ணுக்கு 1. பிறந்த திகதியிலோ ரெலிபோன் இலக்கத்திலோ ஒரு 7 இருந்தால் போதும், கதை முடிந்தது. விண்ணப்பம் எடுபட்டாலும் பத்திரோன் வேறு யாருக்கோ ரெலிபோன் எடுத்துக்கொண்டிருப்பார்.

கடிதத்தின் உள்ளடக்கம்தான் பெரிய வித்தியாசம். பிரெஞ்சு வேலை வகுப்புகளில் "நீங்கள், நான், நாங்கள்" என்று ஒரு வரிசை சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் உங்கள் கொம்பனிக்கு என்ன தேவை என்று நான் விளங்கிக்கொண்டேன், அடுத்து என்னிடம் என்ன இருக்கிறது, கடைசியில் இரண்டும் எப்படிப் பொருந்தும். எங்கள் பழைய கடிதம் இதற்கு நேர் எதிர். அது தனக்கு என்ன தேவை என்று பணிவாகக் கேட்கும். இது உனக்கு என்ன தேவை என்று தொடங்கும்.

உறவினர் வந்தால் லூவ்ருக்குக் கூட்டிக்கொண்டு போய் மோனாலிசாவுக்கு முன் படம் எடுக்காத பரிஸ் தமிழர் குறைவு. அதை வரைந்த லெயொனார்டோ டா வின்சி ஏறக்குறைய 1482இல் மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கு ஒரு வேலை விண்ணப்பம் எழுதினார். அதில் படம் வரைவதைப் பற்றி முதலில் ஒரு சொல்லும் இல்லை. தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், கோட்டை உடைப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய வண்டி செய்வேன் என்று இலக்கம் போட்டு எழுதிக்கொண்டு போகிறார். சமாதான காலத்தில் கட்டிடமும் சிலையும் செய்வேன், படமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. லுடோவிக்கோவுக்குச் சுற்றிவர எதிரிகள், அவருக்குத் தேவை யுத்தத் தளபாடம். லெயொனார்டோ தன் பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவருடைய தேவையில் தொடங்கினார். மிலானில் ஆதரவும் கிடைத்தது. கடைசிக் காலத்தில் பிரெஞ்சு அரசன் முதலாம் பிரான்சுவா அவரை அழைத்து வைத்திருக்க, 1519இல் அம்புவாசில் கண்ணை மூடினார். அவரும் ஒருவகையில் பிரான்சில் குடியேறிய வெளிநாட்டு வேலைக்காரர்தான்!

இனி அடுத்த தலைமுறைக்கு வருவோம். இங்கே பிறந்த பிள்ளைக்கு மொழிப் பிரச்சினை இல்லை, படிப்பும் உண்டு, ஆனால் பெயர் இருக்கிறது. ஒப்ராப் பதிவில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் போய்விட்டது. எனவே செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லி "மிசியூ" என்று பத்திரோன் மகனைக் கூப்பிடுவதும் நடக்கும். அதுவும் நாலு வரி நீளப் பெயர். இப்படியான பெயர் கண்டால் விண்ணப்பத்தைத் தள்ளி வைப்பார்களா என்ற கேள்வி எங்களுடையது மட்டுமல்ல. 2004இல் பரிஸ் 1 பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் பிரான்சுவா அமதியூ 250க்கு மேற்பட்ட விற்பனை வேலை விளம்பரங்களுக்குச் சோதனைச் சீவீக்களை அனுப்பிப் பார்த்தார். மக்ரேப் நாட்டுப் பெயர் உள்ளவருக்கு, பிரெஞ்சுப் பெயர் உள்ளவரை விட ஐந்து மடங்கு குறைவாகவே அழைப்பு வந்தது.

அதே வருடம் கொம்பனி முதலாளி குளோட் பெபேயார் கொடுத்த அறிக்கை, பெயரும் படமும் இல்லாத சீவீயை வழக்கமாக்கலாம் என்றது. 2006 மார்ச் 31ஆம் திகதிச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கொம்பனிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்ததே தவிர, அதை நடைமுறைப்படுத்தும் ஆணை வரவில்லை. 2014 யூலையில் உயர் நிர்வாக நீதிமன்றமான கொன்செய் டெற்றா அரசாங்கத்தைப் பார்த்து "ஆறு மாதத்துக்குள் ஆணையைப் போடு" என்றது. அரசாங்கமோ 2015 ஓகஸ்ற் சட்டத்தில் "கட்டாயமில்லை, விரும்பினால் செய்யலாம்" என்று மாற்றிவிட்டது. பிரான்சில் காகித வேலை நடக்கும் வேகம் எங்களுக்குத் தெரிந்ததுதானே.

ஆனால் இடையில் நடந்த ஒரு பரிசோதனை கவனிக்க வேண்டியது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் போல் எம்புளுவா எட்டு டிப்பார்த்துமோன்களில், தாமாக முன்வந்த கொம்பனிகளோடு பெயரில்லாச் சீவீயை உண்மையாகவே செய்து பார்த்தது. 2011இல் முடிவு வெளியானபோது எல்லோருக்கும் ஆச்சரியம். வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள் அல்லது பின்தங்கிய குடியிருப்புகளில் வசிப்பவர்கள், பெயரோடு விண்ணப்பித்தபோது 10 பேரில் ஒருவருக்கு நேர்முக அழைப்பு வந்தது. பெயரை மறைத்தபோது 22 பேரில் ஒருவருக்குத்தான் வந்தது! தாமாக முன்வந்த கொம்பனிகள் நல்ல மனமுள்ளவையாக இருந்திருக்கும், இனத்துவேசம் உள்ளவன் இதற்கு வந்திருக்கவே மாட்டான் என்று சிலர் குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். என்றாலும் ஆய்வாளர் சொன்ன விளக்கம் எங்களுக்கு நேரே பொருந்துகிறது. சீவீயில் வேலையில்லாத இடைவெளியோ, வளைந்து நெளிந்த படிப்போ இருந்தால், ஆள் எங்கிருந்து வந்தவர் என்று தெரியும்போது வாசிப்பவர் அதற்கு இடம் கொடுத்து வாசிக்கிறார். அதை மறைத்துவிட்டால் இடைவெளி மட்டும் எஞ்சுகிறது. பார்ப்பவர் சோம்பேறி என்று நினைத்து விடுகிறார்.

எங்கடை ஆக்களின் சீவீக்கள் பெரும்பாலும் இப்படித்தான், பெயர் இருந்தும் பெயரில்லாச் சீவீ. வெட்கம் என்று குசினி வருடங்களை ஒரு வரியில் அமுக்குவார்கள். யுத்தம், காத்திருப்பு வருடங்களை ஒன்றுமே எழுதாமல் விடுவார்கள். "1996–1999" என்று வெறும் இடம். அங்கே "யுத்தத்தால் இடம்பெயர்வு, பிரான்சில் அகதி மனு, பிரெஞ்சு வகுப்பு" என்று ஒரு வரி போதும். பரிதாபக் கதை வேண்டாம், ஒரு வரி. பத்து வருடக் காட் உள்ளவர், வேலை செய்யும் உரிமை உண்டு என்பதை மேலேயே எழுத வேண்டும். வெளிநாட்டவரின் காட்டைப் பிரெபெக்சூரில் சரிபார்க்கும் கடமை பத்திரோனுக்கு இருப்பதால், அந்தப் பயம் அவருக்கு எப்போதும் உண்டு. 1995 இடப்பெயர்வில் சேர்ட்டிபிக்கற் தொலைந்தவர்கள் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றை மீண்டும் எடுக்கலாம். பிரான்சில் அது எந்தப் படிக்கு ஒப்பானது என்று எனிக்-நாரிக் நிலையம் எழுத்தில் கொடுக்கும்.

குசினி வருடங்களை எப்படி எழுதுவது? "றெஸ்ரோரன்ட், 9 வருடம்" என்றால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மதியத்துக்கு எத்தனை பேர் சாப்பிடும் இடம், கழுவும் இடத்தில் எத்தனை வருடம், அதற்குப் பிறகு சலாட், குளிர்ச் சாப்பாட்டுப் பகுதியில் எத்தனை வருடம், சாமான் ஓடர் கொடுத்தது யார், குளிரூட்டியின் வெப்பநிலையைத் தினமும் எழுதி வைத்தது யார், புதிதாக வந்த எத்தனை பேருக்கு வேலை பழக்கினீர்கள். 2012 ஒக்ரோபரிலிருந்து ஒவ்வொரு றெஸ்ரோரன்டிலும் சுகாதாரப் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டம். அந்தப் பயிற்சி எடுத்திருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் போடலாம்.

இதையெல்லாம் ஒரு டிப்ளோமாவாகவே மாற்ற 2002 ஜனவரி 17ஆம் திகதிச் சட்டம் வழி திறந்தது. வே.ஆ.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அனுபவத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை. தொடக்கத்தில் 3 வருட அனுபவம் கேட்டார்கள், 2016இல் 1 வருடமாக்கினார்கள், 2022 டிசம்பர்ச் சட்டம் குறைந்தபட்சக் காலத்தையே எடுத்துவிட்டது. சமையல் சே.ஆ.பே. சான்றிதழும் இவ்வழியால் எடுக்கலாம். பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. ஆனால் செய்த வேலையைப் பிரெஞ்சில் பக்கம் பக்கமாக விபரித்து எழுதி, நடுவர்கள் முன்னிலையில் பேசவும் வேண்டும். எழுத உதவி தேடலாம், பேசும்போது தானேதான் பேச வேண்டும். பயப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் ஊர் விண்ணப்பத்தைப் போல் வேறு யாரும் வந்து இவர் நல்லவர் என்று சொல்லத் தேவையில்லாத விண்ணப்பம் இது.

இந்த விபரத்தைச் சொன்னபோது, 28 வருடமாக ஒரே குசினியில் நிற்கும் ஒரு அண்ணை கேட்டார்: "அப்ப தம்பி, வெங்காயம் உரிச்சது, சட்டி உரஞ்சினது எல்லாத்தையும் எழுதவோ?"

"ஓம் அண்ணை, எல்லாத்தையும் எழுதுங்கோ. 7க்கு மட்டும் குறுக்கை ஒரு கோடு போடுங்கோ."